"வெறும் வீடுதாங்க": வீட்டுக் காப்பீட்டுப் படிவத்தில் எதை மறைத்தால் எங்கே மாட்டும்

சேலத்தில் குகைப் பகுதியிலோ அம்மாபேட்டையிலோ ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் குடும்பம் இருக்கிறது, பின்கட்டில் நான்கு விசைத்தறி ஓடுகிறது. வீட்டுக் காப்பீட்டுக்குப் படிவம் நிரப்ப வந்த முகவர், 'பயன்பாடு' என்ற கட்டத்தில் 'குடியிருப்பு மட்டும்' என்று எழுதுகிறார். "தறியெல்லாம் எதுக்குங்கண்ணா காட்டிக்கிட்டு, வேற பாலிசிக்குப் போகச் சொல்லுவாங்க, பிரீமியம் ஏறிக்கும்." வீட்டுக்காரரும் சரிங்க என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார். மூன்று வருஷம் பிரீமியம் ஒழுங்காகக் கட்டப்படுகிறது, யாரும் எதுவும் கேட்பதில்லை. பின்கட்டில் பஞ்சுத் தூசி பற்றிக்கொண்டு கூரை வரைக்கும் எரிந்த மறுநாள்தான் கேள்வி ஆரம்பிக்கும்.

வீட்டுக் காப்பீட்டில் புதியவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான். பாலிசி விற்கும்போது பெரும்பாலும் யாரும் வீட்டை வந்து பார்ப்பதில்லை. உங்கள் படிவத்தை ஒருவர் வரிவரியாகப் படிப்பது இழப்பு கேட்கும் நாளில்தான். அன்றைக்கு அது உங்கள் கையெழுத்தோடு இருக்கும். எழுதியவர் யார் என்பது அடுத்த பேச்சு.

எந்தப் பாலிசி இது

2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான பாலிசி நடைமுறையில் இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்தது என்பதால் எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அடிப்படை வாசகம் ஒன்றுதான். தீ, இடி மின்னல், வெடிப்பு, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, பாறை உருளல், காட்டுத்தீ, கலவரம், தண்ணீர்த் தொட்டி உடைதல் போன்றவை இதில் அடங்கும். திருட்டு முழுமையாக அடங்காது. மேற்சொன்ன ஏதாவது நடந்து, அதன் தொடர்ச்சியாக 7 நாளுக்குள் பொருள் திருடு போனால் மட்டும் உண்டு. பூட்டை உடைத்துத் திருடுவதற்குத் தனிப் பாலிசி எடுக்க வேண்டும்.

கட்டடத்துக்கு எடுத்த தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே காப்பு கிடைக்கும். நகைக்குத் தனியாகப் பட்டியல் கொடுத்துச் சேர்க்க வேண்டும். 'வீடு' என்பதற்கு இந்தப் பாலிசி கொடுக்கும் அர்த்தம் குடியிருக்கும் இடம். சிக்கல்களில் பாதி இந்த ஒரு சொல்லில் இருந்துதான் கிளம்புகிறது.

சட்டம் என்ன சொல்கிறது

மற்ற ஒப்பந்தங்களில் எதிராளி கேட்காததை நாம் சொல்லாமல் விட்டால் பெரும்பாலும் குற்றமில்லை. காப்பீடு அப்படியல்ல. வீட்டைப் பற்றித் தெரிந்தவர் நீங்கள், நிறுவனம் உங்கள் சொல்லை நம்பி விலை போடுகிறது. அதனால் உங்களுக்குத் தெரிந்த முக்கியமான விஷயங்களை நீங்களே சொல்ல வேண்டும் என்பது சட்டம்.

'முக்கியமான விஷயம்' என்பதற்கு அளவுகோல் இது: நிதானமுள்ள ஒரு காப்பீட்டாளர் இந்தக் காப்பை ஏற்பதா வேண்டாமா, ஏற்றால் எவ்வளவு பிரீமியம் என்று முடிவெடுப்பதை அது பாதிக்குமா? பாதிக்கும் என்றால் முக்கியம். 2009-இல் சத்வந்த் கவுர் சந்து வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அது மருத்துவக் காப்பீட்டு வழக்கு. கொள்கை வீட்டுக்கும் பொருந்தும். தறி, பட்டறை, கூரை வகை, விருந்தினர் தங்கல், முன்பு வெள்ளம் புகுந்தது எல்லாம் முக்கியம். சுவர்ச் சுண்ணாம்பின் நிறம் முக்கியமில்லை.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் இரண்டு வகையைப் பிரிக்கிறது. உண்மை என்று நம்பியே தவறாகச் சொன்னால் அது 18-ஆம் பிரிவு. தெரிந்தே, ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணத்தோடு சொன்னாலோ மறைத்தாலோ 17-ஆம் பிரிவு, அதாவது மோசடி. இரண்டிலும் 19-ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை மறுதரப்புக்கு வந்துவிடுகிறது. தெரியாமல் சொன்னதுதானே என்று தப்பிவிட முடியாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதே 19-ஆம் பிரிவில் நமக்குச் சாதகமாகவும் ஒரு விலக்கு இருக்கிறது. மறுதரப்பு சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்றால், சில சூழல்களில் அந்த ரத்து உரிமை கிடைக்காது.

இதோடு இரண்டு தவறான நம்பிக்கைகளையும் கழித்துவிடலாம். "மூணு வருஷம் தாண்டிட்டா எதுவும் கேட்க முடியாது" என்பார்கள். அது 1938 காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, ஆயுள் காப்பீட்டுக்கு மட்டும். வீட்டுக்கு அந்த மூன்று வருஷக் கணக்கு இல்லை. இன்னொன்று, தவறாகச் சொன்ன அளவுக்கு மட்டும் இழப்பீட்டைக் குறைத்துக் கொடுப்பார்கள் என்று இணையத்தில் படித்தது. அது பிரிட்டனில் 2012-இல் வந்த சட்டம். லண்டனில் இருக்கும் மகன் அனுப்பும் கட்டுரையை நம்பி சேலத்துப் படிவத்தை நிரப்ப வேண்டாம்.

தறியால் தீப்பிடிக்கவில்லை, மின்னல்தான் விழுந்தது, அப்போது தறியை மறைத்ததால் என்ன நஷ்டம் என்று கேட்பது நியாயமான கேள்வி. நீதிமன்றங்கள் இதில் எப்போதும் ஒரே மாதிரி சொன்னதில்லை. ஒப்பந்தம் போட்ட நாளில் அந்தத் தகவல் முக்கியமாக இருந்ததா என்பதைப் பார்த்த தீர்ப்புகளும் உண்டு, இழப்புக்குச் சம்பந்தமே இல்லாத விஷயத்தை மறைத்ததற்காகப் பணத்தை மறுக்க முடியாது என்ற தீர்ப்புகளும் உண்டு. எந்தப் பக்கம் விழும் என்று தெரியாத வழக்கை நம்பி வீட்டை வைக்காதீர்கள்.

முதல் படி: படிவத்துக்கு முன் காகிதங்கள்

படிவத்தைத் தொடும் முன் இவற்றை மேசையில் எடுத்து வையுங்கள்: கிரயப் பத்திரம், பட்டா, கட்டட அனுமதி வரைபடம், கடைசி வீட்டு வரி ரசீது, கடைசி மின்கட்டண ரசீது, ஒரு டேப். ஏற்காட்டில் இருந்தால் மலைப்பகுதிக்கான கூடுதல் அனுமதிக் காகிதங்களும்.

இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா பாருங்கள். பெரும்பாலும் ஒத்துப்போகாது. பட்டா தாத்தா பெயரில், வீட்டு வரி அப்பா பெயரில், மின் இணைப்பு அண்ணன் பெயரில் இருக்கும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் இது சகஜம். அதற்காகக் காப்பீடு கிடையாது என்று இல்லை. வாரிசுக்கும் அந்த வீட்டில் உரிமைப் பங்கு இருக்கிறது. ஆனால் 'தனி உரிமையாளர்' என்று எழுதிவிட்டுப் பிறகு மூன்று சகோதரர்கள் பங்கோடு வந்து நின்றால் கேள்வி வரும். 'தாத்தா பெயரில் பட்டா, வாரிசு மூவர், குடியிருப்பவர் நான்' என்று தனித்தாளில் எழுதி இணைத்துவிடுங்கள்.

மின்கட்டண ரசீதில் தாரிஃப் எண்ணைப் பாருங்கள். 1-ஏ என்றால் குடியிருப்பு, 3-ஏ(2) விசைத்தறி, 5 என்றால் வணிகம். வாசலில் இரண்டு மீட்டர், அதில் ஒன்று தறி இணைப்பு, படிவத்திலோ 'குடியிருப்பு மட்டும்'. இழப்பு நேர்ந்தால் நிறுவனம் அனுப்பும் இழப்பு மதிப்பீட்டாளர் (சர்வேயர்) உங்கள் வாசலிலேயே நின்று இதைப் படித்துவிடுவார்.

இரண்டாம் படி: பயன்பாட்டை உள்ளபடி எழுதுவது

சேலத்தில் வீடும் தொழிலும் ஒரே கூரையில்தான் இருக்கிறது. கொண்டலாம்பட்டிப் பக்கம் தறி, சிவதாபுரம், பனங்காடு பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை, எங்கும் தையல், மாவு மில், டியூஷன். எதைச் சொல்ல வேண்டும், எது சில்லறை? இயந்திரம், கேஸ், ஆசிட், பஞ்சு, எண்ணெய், கூலியாட்கள், விற்பனைச் சரக்கு இவற்றில் ஒன்று இருந்தாலும் சொல்லுங்கள். மாலையில் பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள், செலவில்லை.

கொலுசுப் பட்டறையில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. வியாபாரி பற்றவைப்புக்கும் மெருகுக்கும் கொடுத்த வெள்ளி வீட்டுக்குள் இருக்கிறது என்பதால் அது 'வீட்டுச் சாமான்' ஆகிவிடாது. கட்டி வெள்ளி, தங்கம், பதிக்காத கற்கள், ரொக்கம் ஆகியவை, பாலிசியில் தனியாகக் குறிப்பிட்டால் ஒழிய, பாரத் கிருஹ ரக்ஷாவில் அடங்காது. அந்தச் சரக்குக்கும் இயந்திரத்துக்கும் தொழில் பாலிசிதான் வழி. மொத்த மதிப்பு 5 கோடிக்கு உட்பட்ட தொழிலிடங்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்று இதே 2021-இல் வந்த பாலிசி இருக்கிறது. முன்கட்டுக்கு ஒன்று, பின்கட்டுக்கு ஒன்று என்று இரண்டு பாலிசி எடுத்தால், எந்தச் சுவர் எதில் சேரும் என்று ஒரு கைவரைபடமாவது போட்டு இரண்டிலும் இணைக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் இரு நிறுவனங்களும் ஒன்றை ஒன்று கை காட்டும்.

ஏற்காட்டில் பிரச்சினை வேறு முகம் காட்டும். நாகலூரிலோ மஞ்சக்குட்டையிலோ வாங்கிப் போட்ட வீடு, மே மாதக் கோடை விழாவுக்கும் தொடர் விடுமுறைக்கும் அறையாக வாடகைக்குப் போகிறது. மற்ற நாளில் பூட்டிக் கிடக்கிறது. இதில் சொல்ல வேண்டியவை மூன்று: விருந்தினர் தங்கல், ஆளில்லாத மாதங்கள், காவலாள் குடும்பம் ஒன்று அங்கேயே இருக்கிறது என்றால் அது. ஆளில்லாத வீட்டுக்கு உங்கள் பாலிசியில் ஏதாவது நிபந்தனை போட்டிருக்கிறதா என்று தேடிப் படியுங்கள். அறை வாடகை விளம்பரத்தை இணையத்தில் போட்டுவிட்டுப் படிவத்தில் 'சொந்தக் குடியிருப்பு' என்று எழுதுவதில் அர்த்தமே இல்லை. தேதி போட்ட விருந்தினர் விமர்சனம், படுக்கை அறைப் படம் எல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படிதானே கிடக்கிறது.

மூன்றாம் படி: சுவர், கூரை, சரிவு

கீற்று, மூங்கில், மரப்பலகை, தார்ப்பாய், புல் ஆகியவற்றால் ஆன சுவரோ கூரையோ உள்ளது கச்சாக் கட்டடம். முன்பக்கம் கான்கிரீட், பின்னால் சமையற்கட்டுக்கு மட்டும் கீற்றுக் கொட்டகை என்றால் அதையும் எழுத வேண்டும். 'ஆர்.சி.சி.' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது முகவர்களின் பழக்கம். ஓட்டு வீடா, தகரமா, ஆஸ்பெஸ்டாஸா என்று பகுதிவாரியாகக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

மலையில் மேடு வெட்டிக் கட்டிய வீடுகளுக்கு இந்த இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்த பிறகு, நிலச்சரிவுக்குக் காப்பு இருக்கிறதா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இருக்கிறது. ஆனால் அதற்குள்ளே விலக்குகளும் இருக்கின்றன. புதுக் கட்டடம் இயல்பாக அமர்வதால் வரும் விரிசல், கொட்டி நிரப்பிய மண் இறங்குவது, குறையான வடிவமைப்பு அல்லது வேலைப்பாடு, மண் தோண்டுதல், கட்டட மாற்றம் நடக்கும்போது அதனால் ஏற்படும் சரிவு ஆகியவற்றுக்குப் பணம் வராது. வீட்டுக்குப் பின்னால் சரிவை வெட்டிக் கார் நிறுத்தக் களம் போட்டிருந்தால் எந்த வருஷம், எவ்வளவு ஆழம், தடுப்புச் சுவர் இருக்கிறதா என்று எழுதிவையுங்கள். சுற்றுச்சுவர், கேட், தடுப்புச் சுவர், சோலார் பலகை, நிலையான தண்ணீர்த் தொட்டி எல்லாம் கட்டடக் காப்பில் சேரக்கூடியவைதான். தொகையில் அவற்றின் செலவைச் சேர்த்திருக்க வேண்டும், அவ்வளவே. மலை வீட்டில் தடுப்புச் சுவர் ஒன்றே சில லட்சத்தை விழுங்கும்.

முன்பு தண்ணீர் புகுந்திருந்தால் மறைக்காதீர்கள். திருமணிமுத்தாற்றுக் கரையோரத்திலும் ஏரிக்குக் கீழுள்ள தெருக்களிலும் தண்ணீர் வந்தது ஊருக்கே தெரியும். 'இதுவரை இழப்பு ஏதும் நேர்ந்ததா?' என்ற கேள்விக்கு, காப்பீட்டில் பணம் வாங்காத இழப்பும் இழப்புதான்.

நான்காம் படி: பரப்பும் தொகையும்

இந்தப் பாலிசியில் கட்டடத் தொகை, உள்பரப்பைக் கட்டுமானச் செலவால் பெருக்கி வருவது. நிலத்தின் விலையைச் சேர்க்கக் கூடாது. ஃபேர்லேண்ட்ஸிலோ அழகாபுரத்திலோ வீடு ஒன்றரைக் கோடிக்குப் போகும் என்றால் அதில் பெரும்பங்கு மண்ணின் விலை. மண் எரியாது.

உள்பரப்பு என்பது சுவருக்குள் அளக்கிற தரை. பத்திரத்தில் இருப்பது பெரும்பாலும் மொத்தக் கட்டுமானப் பரப்பு. இரண்டையும் குழப்பாமல் டேப் பிடித்து அறை அறையாக அளந்து கூட்டுங்கள். படிவம் சதுர மீட்டரில் கேட்கும். சதுர அடியை 10.764-ஆல் வகுக்க வேண்டும். 1,000 சதுர அடி என்றால் 92.9 சதுர மீட்டர். சதுர அடிக்கு 2,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொண்டால் 20 லட்சம், அதற்குத் தானாகச் சேரும் சாமான் காப்பு 4 லட்சம். உங்கள் ஊர்க் கொத்தனாரிடம் இன்றைய விலை கேட்டுப் போடுங்கள். பத்து வருஷத்துக்கு முன் கட்டிய செலவைப் போடாதீர்கள்.

குறைத்துப் போட்டால் அது பொய்யா? தொகையைக் குறைவாக மதிப்பிட்டதற்காக இழப்பீட்டை விகிதத்தில் வெட்டும் பழைய வழக்கத்தை இந்தப் பாலிசி கைவிட்டிருக்கிறது. ஆனாலும் இழப்பீட்டின் உச்சவரம்பு நீங்கள் எடுத்த தொகையை ஒட்டித்தான் இருக்கும். பரப்பைக் குறைத்து எழுதுவதை அப்படி விட்டுவிட முடியாது. மாடியில் 300 சதுர அடி அறை இருக்கும்போது இல்லை என்று எழுதினால் அது வீட்டைப் பற்றிய தகவல் பிழை. மாடி அறைக்கு அனுமதி வாங்கவில்லை என்பதால் மறைப்பவர்கள் அதிகம். படிவத்தில் மறைத்தாலும் வானத்திலிருந்து எடுத்த படத்தில் அது தெரிகிறது.

ஐந்தாம் படி: வெற்றுக் கட்டமும் கையெழுத்தும்

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 2019-இல் ரேகாபென் ராத்தோட் வழக்கில், படிவத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முகவர் எழுதியது என்ற வாதம் பெரும்பாலும் எடுபடாமல் போவது இதனால்தான்.

ஆங்கிலப் படிவம் புரியாதவர்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. மொழி தெரியாதவருக்காக வேறொருவர் நிரப்பினால், உள்ளடக்கத்தை விளக்கிச் சொன்னேன், அவர் புரிந்துகொண்டார் என்று நிரப்பியவர் சான்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். படிவத்தின் கடைசியில் அதற்குக் கட்டம் இருக்கும். பலர் அதைக் காலியாக விட்டுவிடுவார்கள். நீங்கள் விடாதீர்கள். முகவர் பெயர், தேதி, கையெழுத்து மூன்றும் அதில் விழட்டும். உங்கள் கையெழுத்தைத் தமிழிலேயே போடுங்கள்.

பதில் தெரியாத கட்டத்தைக் காலியாக விடாமல் 'தெரியவில்லை' என்று எழுதுங்கள். காலியாக விட்டதை நிறுவனம் அப்படியே ஏற்றுப் பாலிசி கொடுத்துவிட்டால், பிறகு அந்தக் கட்டத்தைக் காட்டி மறைத்தாய் என்று சொல்ல முடியாது என்று 2021 டிசம்பரில் மன்மோகன் நந்தா வழக்கில் தீர்ப்பு வந்தது. அது கடைசி ஆயுதம்தான். காலிக் கட்டத்தை யாராவது பின்னால் நிரப்பிவிட்டால் அதுவும் போச்சு.

செல்போனில் வாங்கினால் ஓ.டி.பி. போடுவதுதான் உங்கள் கையெழுத்து. 'மேற்சொன்னவை உண்மை' என்ற பெட்டியில் ஏற்கெனவே டிக் விழுந்திருக்கும். ஒவ்வொரு திரையையும் படம் எடுத்து வையுங்கள். படிவமே இல்லாமல் வாய்மொழியாகக் கேட்டு எடுத்த பாலிசி என்றால், கேட்டுக்கொண்ட தகவலை நிறுவனம் பதிந்து உங்களுக்கு அனுப்பி உறுதி செய்ய வேண்டும். அப்படி ஒரு தாள் வரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக் கடனோடு ஒட்டி வரும் பாலிசியில் கூடுதல் கவனம் தேவை. வங்கியில் கடன் விண்ணப்பத்தைப் பார்த்தே படிவத்தை நிரப்பிவிடுவார்கள். கடன் வாங்கும்போது வீடு கட்டிமுடிந்திருக்காது. பிறகு கட்டிய மாடியும் கடையும் அதில் இருக்காது. பாலிசி செல்லாமல் போனாலும் வங்கித் தவணை நிற்காது.

ஆறாம் படி: பாலிசி கைக்கு வந்த பிறகு

பாலிசியோடு வரும் அட்டவணைத் தாளை எடுத்து ஐந்து இடம் பாருங்கள்: முகவரி, பரப்பு, கட்டட வகை, பயன்பாடு, தொகை. நிரப்பிய படிவத்தின் நகலையும் கேட்டு வாங்கி இதோடு ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் அன்றே எழுதுங்கள். இடையில் வீட்டை வாடகைக்கு விட்டாலும், கூடுதலாகக் கட்டினாலும், பயன்பாடு மாறினாலும் சொல்வது உங்கள் கடமை என்று பாலிசியிலேயே இருக்கிறது. பத்து வருஷப் பாலிசி எடுத்தவர்கள்தான் இதை மறக்கிறார்கள். கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"என் பாலிசி எண் … . விண்ணப்பத்தில் பயன்பாடு 'குடியிருப்பு மட்டும்' என்று தவறாகப் பதிவாகியுள்ளது. உண்மையில் பின்கட்டில் 22 சதுர மீட்டரில் 4 விசைத்தறிகள் 2019 முதல் இயங்குகின்றன. மின் இணைப்பு 3-ஏ(2). மாடியில் 27.9 சதுர மீட்டர் அறை உள்ளது, அதுவும் விடுபட்டுள்ளது. இவற்றைப் பதிந்து, கூடுதல் பிரீமியம் இருந்தால் தெரிவித்து, திருத்தக் குறிப்பு வழங்கக் கோருகிறேன். ரசீது, படங்கள் இணைப்பு."

மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், ஐந்து ரோட்டுப் பக்கம் கிளை இருந்தால் நேரில் கொடுத்து நகலில் முத்திரையும் வாங்குங்கள். நிறுவனம் திருத்தம் தரும், கூடுதல் பிரீமியம் கேட்கும், அல்லது இந்தப் பாலிசியில் ஏற்க முடியாது என்று சொல்லும். கடைசியாகச் சொன்னது கசப்புதான். ஆனாலும் தீப்பிடித்த பிறகு அதையே கேட்பதைவிட மலிவு. முகவரிடம் வாயால் சொன்னது திருத்தம் ஆகாது.

மதிப்பீட்டாளர் வரும் நாளில்

இழப்பு நேர்ந்ததும் உடனே தெரிவித்து, தீயணைப்புத் துறை அறிக்கை, தேவைப்பட்டால் காவல் நிலையப் புகார் வாங்குங்கள். மதிப்பீட்டாளர் வந்தால் எரிந்த அறையை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைக்க வேண்டாம். மீட்டர்ப் பெட்டி, தரையில் தறி பதித்த போல்ட் குழி, சுவரில் எண்ணெய்க் கறை, வாசலில் பெயர்ப்பலகை, பக்கத்து வீட்டாரின் பேச்சு எல்லாவற்றையும் பார்ப்பார், கேட்பார். ஜி.எஸ்.டி., உத்யம் (சிறுதொழில்) பதிவில் இதே முகவரி இருக்கிறதா என்றும் தேடலாம். இடிபாட்டை அவர் பார்க்கும் முன் அள்ளிவிடாதீர்கள். இன்னும் முக்கியமாக, படிவத்தில் விட்ட பிழையை மறைக்க இப்போது புதுப் பொய் சேர்க்காதீர்கள். தறியை இரவோடு இரவாகப் பெயர்த்து எடுத்துப் போவது, இல்லாத டிவிக்கு ரசீது வாங்குவது இந்த வகை.

விளைவு மூன்று தளத்தில் வரும். தகவல் பிழை முக்கியமில்லாதது என்றால் விளக்கம் கேட்டு, திருத்தி, பணம் கொடுப்பார்கள். முக்கியமான தகவல் தவறு என்றால் இழப்பீடு மறுக்கப்படும். பாலிசியையே ஆரம்பத்திலிருந்து செல்லாததாக நிறுவனம் கருதலாம். ஏமாற்றும் எண்ணம் இல்லாத பிழை என்றால் கட்டிய பிரீமியத்தைத் திருப்பிக் கேட்க இடமுண்டு. மூன்றாவது, வேண்டுமென்றே செய்த மோசடி. போலி ரசீது, பொய்ப் பட்டியல், தானே வைத்த தீ இதில் வரும். பணம் போவதோடு நிற்காது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 318(4) பிரிவில் ஏமாற்றிப் பொருள் பெறுவதற்கு 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஏமாற்றுவதற்காகப் பொய் ஆவணம் தயாரிப்பது 336-ஆம் பிரிவு, அதைத் தெரிந்தே உண்மை ஆவணம்போலக் கொடுப்பது 340. அந்தத் தேதிக்கு முன் செய்தது என்றால் பழைய 420-தான். படிவத்தில் பரப்பைத் தப்பாக அளந்ததற்கு யாரும் போலீஸில் புகார் கொடுப்பதில்லை. போலி ரசீதுக்குக் கொடுப்பார்கள்.

மறுப்புக் கடிதம் வந்தால்

எல்லா மறுப்பும் சரியான மறுப்பு அல்ல. முக்கியமான தகவலை மறைத்தீர்கள் என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில் இருக்கிறது. முதலில் கடிதத்தில் எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் தவறு என்று சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள். 'தகவல் மறைப்பு' என்று மொட்டையாக இருந்தால், படிவத்தின் நகலும் மதிப்பீட்டு அறிக்கையின் நகலும் எழுத்தில் கேளுங்கள். அந்தக் கேள்வியே படிவத்தில் இல்லை என்பதும், முகவரோ நிறுவன ஆளோ வீட்டை நேரில் பார்த்துவிட்டுத்தான் பாலிசி கொடுத்தார் என்பதும் வலுவான பதில்கள். 2022 நவம்பரில் டெக்ஸ்கோ மார்க்கெட்டிங் வழக்கில், அடித்தளத்தில் இருந்த கடைக்குத் தீக் காப்பீடு கொடுத்துவிட்டு, அடித்தளத்துக்குக் காப்பு இல்லை என்ற விலக்கைக் காட்டிப் பணத்தை மறுத்தது ஒரு நிறுவனம். கடை எங்கே இருக்கிறது என்று தெரிந்தே பாலிசி கொடுத்தவர்கள் அப்படிச் சொல்ல முடியாது என்றது உச்ச நீதிமன்றம். நேரில் வந்து பார்த்ததற்கு அடையாளமாக வாட்ஸாப் செய்தி, தேதி உள்ள படம் எது இருந்தாலும் அழிக்காதீர்கள்.

இப்போதைய விதிகளின்படி மதிப்பீட்டாளர் நியமனமான 15 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வந்த 7 நாளுக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். ஏதோ ஒரு காகிதம் இல்லை என்பதை மட்டும் காரணமாக வைத்து மறுக்கவும் கூடாது. தாமதமானால் இந்த நாள் கணக்கைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.

அடுத்து நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் முறையீடு. கூடவே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ பதியலாம். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) போகலாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க அனுமதியும் கிடையாது. உங்கள் முறையீட்டை நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். அதே விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருந்தால் அவர் எடுக்கமாட்டார். அதனால் வரிசையை யோசித்துப் போடுங்கள். அவர் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாளில் நிறைவேற்றாவிட்டால் நாளுக்கு 5,000 ரூபாய் வீதம் உங்களுக்குத் தர வேண்டும்.

நுகர்வோர் ஆணையம் என்றால் சேலம் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனத்தின் தலைமையிடம் மும்பையில் இருந்தாலும். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடம் போதும். எந்த நிலை ஆணையம் என்ற தொகை வரம்பைக் கணக்கிடுவது நீங்கள் கட்டிய பிரீமியத்தை வைத்து. வீட்டு பிரீமியம் 5 லட்சத்துக்குள்தான் இருக்கும் என்பதால் மனுக் கட்டணமும் இல்லை. கால அவகாசம் இரண்டு வருஷம். மறுப்புக் கடிதம் வந்த உறையைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். அந்தக் கடிதத்தில் சொல்லாத புதுக் காரணத்தை நிறுவனம் பிறகு வழக்கில் கொண்டுவர முடியாது என்று 2019-இல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் தீர்ந்துவிட்டது.